முத்துக்குமாரின் சைலன்சருக்கு எட்டு வளையங்கள்

15.11.2025, சனிக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் முத்துக்குமாரின் வண்டிச் சத்தம் 82 டெசிபல் என்று எழுதியது பிழை. சைலன்சர் வாயிலிருந்து சரியாக ஒரு மீட்டர் தள்ளிப் போனைப் பிடித்து அளக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கோழி குறுக்கே வந்ததால் ஒன்றரை மீட்டருக்கு நகர்ந்துவிட்டேன். இன்று மாலை மறுபடி அளந்தேன். 84. பழைய எண்ணை அடித்துத் திருத்தியிருக்கிறேன். இவ்வளவு சின்ன விஷயத்திலேயே தவறினால் மற்றவற்றை எப்படி நம்புவது என்று என்மேலேயே சந்தேகம் வருகிறது. ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முத்துக்குமார் என் அறைத்தோழன், ஊத்தங்கரைக்காரன். ஓசூர் சிப்காட்டில் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி. அவன் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிறான். நான் டூல் ரூமில் இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறேன். மாலையில் கம்ப்யூட்டரில் இயந்திரப் படம் வரையும் வகுப்புக்குப் போகிறேன். முனிலட்சுமி அம்மாவின் ஆறு வீட்டு லைனில் முதல் வீடு எங்களுடையது.

ஜூலையில் அவன் செகண்ட் ஹேண்டில் ஒரு குரூசர் வண்டி வாங்கினான். கறுப்பு நிறம், முந்நூற்றைம்பது சிசி, காலை முன்னால் நீட்டிச் சாய்ந்து உட்காரும் வண்டி. அதில் இருந்த சைலன்சர் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"தையல் மிஷின் மாதிரி போவுது மாப்ள. வேற சைலன்சர் மாட்டணும். நீதான் பாத்து எடுத்துக் குடுக்கணும். நீ வெண்டைக்காய் வாங்கினாலே ஒவ்வொண்ணா முனை ஒடிச்சுப் பாக்குற ஆளு" என்றான்.

ஒருவர் நம்பி ஒரு வேலையைக் கொடுத்தால் அதை அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. நோட்டில் கட்டம் போட்டேன். நீளம், எடை, உலோகம், வண்டியில் மாட்டும் பிராக்கெட் பொருந்துமா, வேகத்தடையில் இடிக்குமா, மழையில் துருப்பிடிக்குமா. ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, பஷீர் அஹமது பாய் கடைக்குப் போனோம். பாய் நான்கு சைலன்சர்களை எடுத்து வைத்தார். முதலாவதற்குப் பிராக்கெட் பொருந்தவில்லை, வெல்டிங் வைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது மிக நீளம். நான்காவதன் நீல நிறம் நகத்தால் சுரண்டியதும் வந்துவிட்டது. முத்துக்குமார் இது எதையும் பார்க்கவில்லை.

"எது பாய் நெஞ்சுல அடிக்கும்?"

"எல்லாமே அடிக்கும் தம்பி. போலீஸும் அடிப்பாங்க. ஜூஜூவாடி பார்டர் தாண்டினா கன்னடத்துல ஃபைன், இந்தப் பக்கம்னா தமிழ்ல ஃபைன். உங்களுக்கு எந்த பாஷையில திட்டு வாங்கணும்?"

மூன்றாவதை நான் தேர்ந்தெடுத்தேன். குட்டையாக, பாட்டில் வடிவில் இருக்கும். அதன் வாயில் சத்தத்தை அடக்கும் சின்னக் குழாய் ஒன்று சொருகியிருந்தது. "அந்த அடைப்பானைக் கழட்டிப் போடுங்க பாய்" என்று முத்துக்குமார் சொன்னதும், பாய் சைலன்சரின் அடியில் இருந்த ஒரே ஒரு ஆலன் போல்ட்டைக் கழற்றி அதை உருவினார். இரண்டு நிமிடம் ஆனது. நான் நேரம் பார்த்தேன். எதற்காகப் பார்த்தேன் என்று அப்போது எழுதி வைக்கவில்லை. தேர்வுக்குக் காரணம் என்ற கட்டத்தில் "எல்லா வகையிலும் பொருத்தம்" என்று எழுதியிருக்கிறேன்.

அவனுக்கு முதல் ஷிப்ட். காலை ஐந்தேகாலுக்கு வண்டியை எங்கள் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, ஆயில் சூடாக வேண்டும் என்று பத்து நிமிடம் உறுமவிடுவான். 98 டெசிபல். தம்ளரில் இருக்கும் தண்ணீர் நடுங்கும். எனக்குப் படிக்கக் கிடைப்பது காலை ஐந்து முதல் ஆறரை வரைதான். இதை நான் அவனிடம் சொல்லாமல் இல்லை. ஒரு முறை சொன்னேன். அவன் ஹெல்மெட் போட்டிருந்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் வளையம் செய்தேன். டூல் ரூம் கழிவுத் தொட்டியில் கிடந்த இரும்பு, லேத்தில் இருபது நிமிட வேலை. நடுவில் 34 மில்லிமீட்டர் துளை. ஞாயிறுதோறும் அவன் வண்டியை நானே கழுவித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். கழுவும்போது அந்த வளையத்தைச் சைலன்சர் வாய்க்குள் நான்கு விரற்கடை தள்ளி வைத்து, அதே போல்ட்டால் முடுக்கினேன். சத்தம் இரண்டு டெசிபல் குறைந்தது. அடுத்த வாரம் அதை எடுத்துவிட்டு மாட்டியதற்கு 32. அதற்கடுத்து 30. ஒரே நாளில் குறைத்திருந்தால் அவனுக்குத் தெரிந்து மனம் வருந்தியிருப்பான். அதனால் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். பதினோரு ஞாயிறுகளில் எட்டு வளையம் மாற்றினேன். மீதி மூன்றில் ஒரு ஞாயிறு மழை, ஒரு ஞாயிறு தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டேன், ஒரு ஞாயிறு மனம் உறுத்தியது. கழிவுத் தொட்டி இரும்புக்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லையே என்று.

வண்டியின் இழுவை குறைந்ததை அவன் கவனித்தான். "நிச்சயம் ஆனதுல இருந்து விருந்து தின்னே தடிச்சுட்டேன் போல" என்று இரவுச் சாப்பாட்டில் இரண்டு சப்பாத்தியைக் குறைத்தான். அது அவன் உடம்புக்கு நல்லதுதான்.

லைனில் மற்றவர்களும் கவனித்தார்கள். முனிலட்சுமி அம்மா, "ஏம்ப்பா, முத்து வண்டி இப்பல்லாம் வந்ததே தெரியலையே?" என்று கேட்டார். அவனிடம் இதைச் சொல்ல வேண்டாம், சொன்னால் இன்னும் பெரிய சைலன்சராக மாட்டிவிடுவான் என்றேன்.

"நான் எதுக்குப்பா வாயைத் தொறக்கப் போறேன்? ரெண்டு மாசமாத் தைலம் தடவித் தடவி என் நெத்தியே தேஞ்சு போச்சு" என்றார். மற்ற வீடுகளுக்கும் அவரே சொல்லிவிட்டார். எனக்கு அந்த வேலை மிச்சம்.

அக்டோபர் கடைசியில் ஒரு மாலை முத்துக்குமார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, எனக்குக் காது போவுதுடா."

"எப்படிச் சொல்ற?"

"வண்டிச் சத்தம் வாரா வாரம் கம்மியாக் கேக்குது. பிரஸ் ஷாப்புல ஆறு வருசம் ஆச்சு. நம்மளுக்கும் வந்துருச்சு."

"வண்டியில ஏதாவது..." என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை முடித்திருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தேன். முடிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் கம்பெனிக்குக் காதுப் பரிசோதனை வேன் வந்தது. ஒலி கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். அவனுக்கு எல்லாம் இயல்பு என்று சீட்டு கொடுத்தார்கள். அத்தோடு தீர்ந்தது என்று நான் உண்மையிலேயே நிம்மதி அடைந்தேன். ஆனால் பிரஸ் ஷாப்பில் யாரும் அந்தச் சீட்டை நம்புவதில்லை.

"அந்த வேன்ல ஏறுனவன் எவனுக்காவது காது கேக்கலன்னு எழுதிக் குடுத்திருக்கானா? தீர்த்தகிரி அண்ணனை நாலு தடவை கூப்பிட்டாத்தான் திரும்புவாரு. அவருக்கும் நார்மல்னுதான் சீட்டு. மிஷின் கம்பெனி மிஷின்டா. என் சைலன்சர் பொய் சொல்லாது" என்றான்.

அவன் காது எப்படி என்று நான் என் அளவில் சோதித்தேன். "டீ வாங்கிட்டு வா" என்று மெதுவாகச் சொன்னால் கேட்காது. "டீ வாங்கியாச்சு" என்றால் குளியலறையிலிருந்து கேட்கும். இது புதிதா, முன்பே அப்படித்தானா என்பது உறுதியில்லை. முன்பு நான் குறித்து வைக்கவில்லை.

எதிர்பாராத ஒன்றையும் எழுத வேண்டும். காது போகிறது என்று நம்பியதிலிருந்து அவன் எல்லாவற்றையும் கத்திப் பேசுகிறான். அவனுக்கு நிச்சயித்த மத்தூர்ப் பெண் சுவாதியோடு போனை ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேச்சு. இருவரும் சேர்ந்து 79 டெசிபல். ஆனால் அது சாயங்காலம். எனக்கு அப்போது வகுப்பு.

வியாழக்கிழமை சுவாதி என்னை அழைத்தாள்.

"அண்ணா, அவருக்கு நெசமாவே காது கேக்கலையா? நான் வேணும்னே 'உங்க மூக்கு கொஞ்சம் கோணல்'னு முணுமுணுத்துப் பாத்தேன். அரை மணி நேரம் கோவிச்சுக்கிட்டாரு. அது மட்டும் எப்படிண்ணா கேட்டுச்சு?"

கூர்மையான பெண். சில வகை ஒலிகள் மட்டும் கடைசி வரை கேட்கும் என்று படித்திருப்பதாகச் சொன்னேன். அவள் "அப்படியாண்ணா" என்று மிக மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

இன்று மாலை அளந்து முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது முத்துக்குமார் வந்து நின்றான்.

"நாளைக்கு மத்தூர் போறேன்டா. தையில கல்யாணம் வேணாம்னு சொல்லிடறேன். அந்தப் புள்ள ஆயுசுக்கும் கத்திக்கிட்டே குடும்பம் நடத்தணுமா? நீயும் கூட வா. அவங்க என்னா சொல்றாங்கன்னு எனக்குக் கேக்காமப் போச்சுன்னா நீதான் எடுத்துச் சொல்லணும். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

மூக்கை உறிஞ்சினான். கோணல் ஒன்றும் தெரியவில்லை. வருகிறேன் என்றேன்.

நான் இதில் கெட்ட எண்ணத்தோடு இறங்கவில்லை என்று எழுதத்தான் நோட்டைத் திறந்தேன். அந்தப் பிரஸ் ஷாப்பில் இன்னும் பத்து வருடம் நின்றால் அவனுக்கு உண்மையிலேயே காது போகும். இப்போதே பயந்து வேறு பகுதிக்கு மாற்றல் கேட்டால் அவன் காது தப்பும். ஒரு வகையில் அது என்னால்தான். காலையில் அந்தச் சத்தம் தாங்காமல் செய்தது, வேறொன்றும் இல்லை என்று எழுதி, தேதியைச் சரிபார்க்க முதல் வளையத்தின் வரைபடத்தை எடுத்தேன். வரைபடத்தின் மூலையில் தேதி போடுவது என் பழக்கம். ஆகஸ்ட் 14 என்று இருக்கிறது. நாங்கள் கடைக்குப் போனது 17. துளையின் அளவை மட்டும் எழுதாமல் காலியாக விட்டிருக்கிறேன். அப்படியென்றால் அவன் வண்டிக்குச் சைலன்சர் பார்க்கப் போனபோதே நான் என் வளையத்துக்குச் சைலன்சர் பார்க்கப் போயிருக்கிறேன். ஒப்புக்கொள்கிறேன். எட்டு வளையமும் நான் செய்தவை. அவன் காதில் ஒரு குறையும் இல்லை.

இப்போதே வெளியே போய் வளையத்தைக் கழற்றிவிட்டால் காலையில் அவன் வண்டியை முடுக்கியதும் சிரித்துவிடுவான். மத்தூருக்குப் போகவே தேவையிருக்காது. இரண்டு நிமிட வேலை. அந்த போல்ட்டைக் கழற்றும் ஆலன் சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆனால் என் பரீட்சை 24ஆம் தேதி. தவிர, அவன் எப்படியும் போவது என்று முடிவு செய்துவிட்டால், எழுபத்தைந்து கிலோமீட்டர் அந்தச் சத்தத்தின் மேல் என்னால் உட்கார்ந்து போக முடியாது. பரீட்சை முடிந்த பிறகு பெரிய துளை வளையங்களைத் திரும்ப மாட்டத் தொடங்குகிறேன். வாரத்துக்கு ஒன்றாக.

நாளைய வேலை: ஐந்தரைக்கு எழ வேண்டும். முத்துக்குமாரின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும். மத்தூரில் சுவாதி வீட்டார் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் அவன் காதருகே சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும்.