இரண்டாம் பிரதிவாதி

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஜீயபுரம் பஸ் கிளம்புவதாக இல்லை. டிரைவர் மட்டும் இன்ஜினை உறுமவிட்டு எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு முன் சீட்டில் கோர்ட்டிலிருந்து வந்த இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்த பெரியவர் திடீரென்று சொன்னார்:

"செத்தவர் பேருக்குக் கீழ என் தங்கச்சி பேரை எழுதச் சொல்லிட்டாரு வக்கீல்."

"எதுல மாமா?"

"பிராதுலதான். மச்சான் மேல போட்ட பாதை கேஸு. அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே. வாரிசுங்களைச் சேர்த்துத் திருத்தலைன்னா கேஸே நிக்காதாம். இனிமே தங்கச்சிதான் ரெண்டாம் பிரதிவாதி."

"பேசாம விட்டுடுங்களேன்."

"விட்டுட்டு? வாழைத்தாரை எந்த வழியா வெளிய கொண்டாறது?"

"தங்கச்சிகிட்ட பேசிப் பாக்கலாம்ல?"

"அவ என்ன பண்ணுவா? அப்பா நடத்துன கேஸை நானும் நடத்துவேன்னு நிக்கிறான் அவ மவன்."

ஒருவழியாகப் பஸ் கிளம்பியது. குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் பெரியவரே மறுபடி ஆரம்பித்தார்:

"கருமாதிக்குப் பொறந்த வீட்டுக் கோடி நான்தான் எடுத்துட்டுப் போனேன். கேஸ் நடக்குதுன்னு அதை விட முடியுமா? அவளுக்கு வேற யாரு இருக்கா? புடவையை வாங்கிக்கிட்டு, 'இனிமே எனக்கு நீதாண்ணே'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா."

"இன்னிக்குக் கையெழுத்துப் போட்டதை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? கோர்ட்டு நோட்டீஸ் போகும்ல. அதுவே சொல்லிக்கட்டும்."