சத்தமில்லாத மூன்றாம் வகுப்பு

காலை நேரக் கும்மிடிப்பூண்டி ரயிலில் என் எதிரே இரண்டு டீச்சர்கள் டிபன் டப்பாவைத் திறந்தார்கள். மூத்தவர் இட்லியைப் பிட்டபடி, "என் கிளாஸ்ல சத்தமே இல்ல. அதான் பேஜாரா கீது," என்றார்.

"இன்னாக்கா சொல்றீங்க?" என்றார் இளையவர்.

"காது கேக்காத பொண்ணு ஒண்ணு சேந்துச்சில்ல. எல்லார் வாயையும் பாக்கட்டும்னு போர்டு பக்கத்துல, பசங்களப் பாத்த மாதிரி உக்கார வெச்சேன். மூணே மாசத்துல மொத்த கிளாஸும் அவகிட்ட கைஜாடை கத்துக்கினு, நான் பாடம் எடுக்கசொல்ல கையாலயே கதை பேசுதுங்க."

"ஐயோ."

"நேத்து இன்ஸ்பெக்‌ஷன். ஆபீசர் போர்டுல கணக்கு எழுதிட்டு, ஒவ்வொருத்தரா எழுப்பிக் கேட்டாரு. வாய்ப்பாடே தெரியாதவன்கூட டக்குடக்குனு சொல்றான். பாத்தா, அவரு முதுகுக்குப் பின்னால இவ விரல்ல விடை காட்டிக்கினு கீறா."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"நான் ஜன்னலப் பாத்துக்கினு நின்னேன்."

"அந்தப் பொண்ணக் கேட்டாரா?"

"கடைசியா அவகிட்ட வந்தாரு. காது கேக்காதுன்னு சொன்னேன். 'பாவம், கணக்கெல்லாம் கேட்டுக் கஷ்டப்படுத்த வேணாம்'னு தலையத் தடவிக் குடுத்துட்டுப் போயிட்டாரு."