வலது ஓரத்துக் கட்டடங்கள்

லேசரில் வெட்டிய பொம்மைக் கட்டடம் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஜன்னலை. பலபேர் உயரத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். மொட்டைமாடியில் விண்கலம் இறங்க இடமிருக்கிறதா, ஆன்டெனா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பொம்மைப் படைகளை வைத்துச் சண்டை போடும் மேசையில் அதெல்லாம் அலங்காரம். ஜன்னல் வழியாகத் தெரிகிற சிப்பாயைச் சுடலாம், தெரியாதவனைச் சுட முடியாது. கேம்ப் ரோட்டில் நிஜ வீடு கட்டுகிறவர்கள்கூட ஜன்னலுக்கு இவ்வளவு யோசிப்பதில்லை. எப்படியும் அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுச் சுவர் வந்து அடைத்துவிடும்.

காபியை எடுத்துக்கொள்ளுங்கள் ஜோவிதா, ஆறிவிடும். ஆபேல் மேலே தூங்குகிறான். சுஜிக்குப் பக்கத்தில் என் அம்மா இருக்கிறாள், பிள்ளையின் கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருக்கிறாள். அவசரம் ஒன்றும் இல்லை. கண் டாக்டர் உங்களிடம் கேட்டதைத்தான் நீங்கள் படியிறங்கி வந்து என்னிடம் கேட்கிறீர்கள். ஆபேலுக்கு வலது கண்ணில் ஓரப் பார்வை போய் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும், கூடவே இருக்கிறவர்கள் ஒருத்தர்கூடவா கவனிக்கவில்லை என்று. பதில் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த விஷயமும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பம் சேலையூரில் ஏர் ஓட்டிய குடும்பம். நிலம் மனையானது, மனை வீடானது, வீடு வாடகையானது, அந்த வாடகையில் வளர்ந்தது நான். வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாதவனுக்கு ஒரு சண்டையாவது வேண்டியிருக்கிறது. மாடிக்கு நீங்கள் குடிவந்தபோது, சாமான் வண்டியிலிருந்து ஆபேல் ஒரு பெட்டியை மட்டும் யார் கையிலும் கொடுக்காமல் தானே இறக்கினான். எட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் உயரத்துக்குச் சிப்பாய்கள், ஒவ்வொருவனுக்கும் புருவம்கூட வரைந்திருந்தது. என்னிடமும் ஒரு பெட்டி இருந்தது. அன்றிலிருந்து இந்தக் கீழ்வீட்டு அறை எங்கள் போர்க்களம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் சமாதானப் பிரபுவைப் பாடுவான். மத்தியானம் உங்கள் கை பிரியாணி. அது செரிக்கும் முன்னே, பெயர் வாயில் நுழையாத ஒரு கிரகத்தில் வேற்று ஜாதி ஜந்துக்களைக் கூண்டோடு ஒழிக்க இறங்கி வருவான். பகடையை உருட்டுவதற்கு முன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் வேறு. அம்மா வாசலிலிருந்து பார்த்துவிட்டுச் சொல்வாள்: “இன்னாடா ஹரி, ஏழு கழுதை வயசாச்சி, பொம்மைய வெச்சிகினு குந்திகினு கீற. அந்த வாத்தியாருக்காவது பொண்டாட்டி புள்ள கீது.”

நான் தோற்பேன். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை, நம்புங்கள். வருத்தம் அதற்குப் பிறகு வரும். ஜெயித்ததும் ஆபேல் என் தோளில் தட்டுவான். “நீ நல்லாதான் ஆடின மச்சான். இங்க பாரு, இந்த இடத்துல மட்டும் கொஞ்சம் யோசிச்சிருந்தா…” என்று என் பிழைகளை எனக்கே எடுத்துச் சொல்வான். ஒன்பதாம் வகுப்புக்கு ஒளிவிலகல் நடத்துகிற அதே குரல். கடைசி பெஞ்சுப் பையன் மனம் நோகக் கூடாது என்கிற அந்தக் கனிவு. வாரா வாரம் ஒரு மனிதன் அந்தக் கனிவைத் தாங்க வேண்டுமென்றால் கஷ்டம்தான்.

எங்கள் விதி ஒன்று இருக்கிறது. சுட வேண்டுமென்றால், நம் சிப்பாயின் தலைக்குப் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவன் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும். எதிரி தெரிந்தால் சுடலாம். லைன் ஆஃப் சைட் என்போம். இதில் பொய் சொல்ல நிறைய வசதி உண்டு. ஆபேல் சொல்ல மாட்டான். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுந்துவிடுவான். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்ப்பது அவன் வழக்கம்.

போன வருஷம் கோடை விடுமுறையில் ஒரு நாள். அப்போதெல்லாம் எங்களுக்குக் கட்டடம் என்றால் பிஸ்கட் டப்பாவும் டி.வி. பெட்டியின் தெர்மோகோலும்தான். என்னுடைய ஆட்கள் மூன்று பேர் மேசையின் வலது ஓரத்தில், டப்பாவுக்குப் பக்கத்தில், கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்கள். ஆபேல் குனிந்தான், பார்த்தான்.

“அந்தப் பக்கம் யாரும் இல்ல” என்று எழுந்தான்.

அடுத்த முறை என் மூன்று பேரும் சேர்ந்து அவனுடைய தளபதியைச் சுட்டு வீழ்த்தினார்கள்.

“இவனுங்க எங்கடா இருந்தானுங்க?”

“டப்பா மறைச்சிருக்கும்” என்றேன். அந்தத் தடவை அது பொய்யில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் டப்பா மறைக்க வழியே இல்லை. அடுத்த ஞாயிறு அவனுக்கு டீயை வலது கைப்பக்கம் வைத்தேன். தட்டிவிட்டான். அதற்கடுத்த வாரம் இடது பக்கம் வைத்தேன். எடுத்துக் குடித்தான். மறுபடி வலது பக்கம் வைத்தேன். பேன்ட்டெல்லாம் டீக்கறை என்று நீங்கள்கூட மாடியிலிருந்து சத்தம் போட்டீர்களே, அன்றைக்கு எனக்கு உறுதியாகிவிட்டது. அவன் பௌதிகம் படித்தவன், நான் பாதியில் விட்டவன். ஆனாலும் பரிசோதனை என்றால் எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

சொல்லியிருக்கலாம். சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த மாதம் முழுக்க ஜெயித்துக்கொண்டிருந்தேன் ஜோவிதா. ஜெயித்துவிட்டுச் சாப்பிடுகிற சாப்பாடு வேறு மாதிரி இருக்கிறது. அம்மாகூட, “இன்னாடா, இன்னிக்கி ரசத்துக்கே ரெண்டாவது சோறு கேக்குற” என்றாள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த வாரமும் ஜெயித்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. பிஸ்கட் டப்பா எத்தனை நாளைக்குப் பழியைத் தாங்கும்? ஆபேல் முட்டாள் இல்லை. திறந்த மேசையில் கண்ணெதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை என்றால் ஒரு நாள் தன் கண்ணைத்தான் சந்தேகப்படுவான். தெரியாமல் போவது நியாயம் என்று தோன்றுகிற மாதிரி ஒரு ஊர் வேண்டும். அப்போதுதான் லேசர் கட்டடம் வாங்கலாம் என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். இதே மேசையில், ஒரே போனில் தலையைக் கொடுத்து இருவரும் படம் பார்த்தோம்.

“இது நல்லா இருக்கு பாரு ஹரி. ஒரே மாடி. கூரை தனியா கழண்டு வரும், உள்ளயும் ஆள் வெக்கலாம்.”

“ஹவுசிங் போர்டு குவார்ட்டர்ஸ் மாதிரி இருக்கு. இதுக்கா இவ்ளோ தூரம் ராக்கெட்ல போனானுங்க?”

“சரி, நீ சொல்லு.”

“ஏழு மாடி. குறுக்க பாலம். ஜன்னலெல்லாம் கீத்து கீத்தா.”

“இதுல ஒரு ஆளைக் கண்டுபிடிக்கணும்னா ஆண்டவரே ஏணி போட்டு ஏறித்தான் பாக்கணும்.”

“அதாண்டா விளையாட்டு.”

ஒத்துக்கொண்டான். ஆபேல் அப்படித்தான், எதிராளிக்கு எது பிடிக்கிறதோ அதை விட்டுக்கொடுப்பான்.

ஊரப்பாக்கத்தில் ஜெயக்கொடி என்று ஒருத்தர். கல்யாண மேடைக்கு மணமக்கள் பெயர், வீட்டு வாசலுக்குச் சிலுவை, ஓம், எதுவானாலும் லேசரில் வெட்டிக் கொடுப்பார். கடைக்குள் போனால் கருகிய மரவாசனை. நான் கொடுத்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவர் கவலைப்பட்டார்.

“ஜன்னலை இவ்ளோ சின்னதா வெட்டச் சொல்றியே சார், உள்ள கீறவன் எப்டி மூச்சு வுடுவான்?”

“அவங்க மனுசங்க இல்ல ஜெயக்கொடி.”

“அப்ப சரி. வாஸ்து எதுனா பாக்கணுமா?”

“பாக்கணும். உசரமானதெல்லாம் வலது பக்கம் வர மாதிரி.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வலது என்றால் யாருக்கு வலது என்று அவர் கேட்கவில்லை. ஆபேல் எப்போதும் மின்விசிறிக்கு நேர் கீழேதான் உட்காருவான். அதனால் வலது எது என்பதில் குழப்பமே இல்லை.

பலகைகளை இங்கே கொண்டுவந்து கொட்டியதும் சுஜிதான் பசை தடவினாள். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் வைக்காவிட்டால் பொம்மை விழுந்துவிடும் என்று அட்டையில் வெட்டி ஒட்டினாள். எல்லாவற்றுக்கும் கருஞ்சாம்பல் நிறம் அடித்தேன். ஆபேலுக்கு மஞ்சள் பிடித்திருந்தது. போர் நடக்கிற ஊரில் மஞ்சள் எங்கிருந்து வரும் என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக இருந்தது. என் ஆட்கள் வலது ஓரமாக வந்தார்கள், அவன் பார்க்கவில்லை, கட்டடம் பழியை ஏற்றுக்கொண்டது. “சே, இந்தக் கோபுரம் மறைச்சிடுச்சு” என்பான். ஒரு நாள் என் கையைக் குலுக்கி, “நீ ரொம்ப முன்னேறிட்ட மச்சான்” என்றான். மனதாரச் சொன்னான், கொஞ்சமும் பொறாமை இல்லை. நான் அவன் தோளில் தட்டி, “நீ நல்லாதான் ஆடின” என்றேன். அவன் எங்கே தவறினான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

உங்கள் சர்ச் வளாகத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது, ஞாபகமிருக்கும். நீங்கள் அவனைப் போகச் சொன்னீர்கள். அவனும் புறப்பட்டு இந்த வாசல்வரை வந்தான். நான்தான், “எல்லாம் சாகப்போற கேஸுங்க க்யூல நிக்கும், நீ போய் நடுவுல நின்னா உன் ஸ்டூடன்ட்ஸ் பார்த்து சிரிப்பானுங்கடா” என்றேன். கோவிலம்பாக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் அன்றைக்கு ஆட்டம் இருப்பதையும் சொன்னேன். ஆட்டம் நிஜமாகவே இருந்தது, அதில் பொய்யில்லை. காலையில்தான் நான் போன் போட்டு ஏற்பாடு செய்திருந்தேன்.

டாக்டர் சொன்னதை நீங்கள் சொன்னீர்கள். கண்ணில் பிரஷர், வலி இருக்காது, ஆளுக்கே தெரியாமல் ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும். போனது வராது. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். போனில் தேடிப் பார்த்திருக்கலாம்தான். தேடினால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். போன மழைக்காலத்திலிருந்து நான் ஆபேல் வண்டியில் பின்னால் உட்காருவதில்லை. முட்டிவலி என்றேன். முட்டிக்கு ஒன்றும் இல்லை. மேடவாக்கம் போகிற வழியில் வலது பக்கமிருந்து வந்த பஸ்ஸை அவன் கடைசி நொடியில்தான் பார்த்தான், அதனால்தான். தினமும் காலையில் அதே வண்டியில் சுஜி பள்ளிக்கூடம் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். இந்த ஜன்னலைத் தாண்டித்தானே இருவரும் கிளம்பிப் போவார்கள், கையும் ஆட்டுவாள். நான் யோசிக்காமல் இல்லை. சின்னப் பெண், எடை கிடையாது, என் மாதிரி ஆள் பின்னால் இருந்தால்தான் வண்டி தடுமாறும் என்று யோசித்தேன். அந்த வண்டியில் லோடு ஆட்டோ வந்து மோதியது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவன் நான்தான். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ.

இப்போது புதுக் கட்டடங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் ஒரே மாடி, வெள்ளை, பெரிய பெரிய ஜன்னல். எல்லாவற்றையும் மேசை நடுவிலேயே வைத்துக்கொள்ளலாம். மிச்சமிருக்கிற பார்வைக்கு அது போதும். நண்பன் என்றால் இதையாவது செய்ய வேண்டாமா.

நீங்கள் இப்படிப் பார்ப்பதால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஆட்டத்தின் நடுவில் ஆபேல் அளவு டேப்பைக் கீழே வைத்தான்.

“ஹரி, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. பேப்பர் திருத்தும்போது ஓரத்துல எழுதினதை விட்டுட்டேன்னு ஒரு பையனோட அப்பா வந்து சண்டை போட்டார். வண்டியையும் ரெண்டு தடவை உரசிட்டேன். ஜோவிகிட்ட சொன்னா பயந்துடுவா. நீதான் வாரா வாரம் எதிர்ல உக்காந்து என் கண்ணைப் பாக்கறவன். எதாவது கோளாறு தெரியுதாடா?”

அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். பயந்திருந்தான். நான் சொன்னால் அப்போதே எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான், அதில் சந்தேகமே இல்லை. ஆட்டத்தில் என் ஆட்கள் கோபுரத்துக்குப் பின்னால் தயாராக இருந்தார்கள்.

“உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லடா” என்றேன். “கட்டடம்தான் மறைக்குது.”

“அப்படியா” என்று சிரித்தான். அவன் தோள் இறங்கியது. பகடையை எடுத்துக்கொண்டான்.

அவன் கேட்டது அந்த ஒரு தடவைதான் ஜோவிதா. இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.