தரையில் விழாத காசு

பழைய நாணயத்தைத் துடைக்கவே கூடாது. இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. பளபளவென்று இருந்தால் விலை கூடும் என்று பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டு வந்து நிற்பார்கள். ஒரு கீறல், விளிம்பில் ஒரு நசுங்கல் போதும்; பாதி விலை போய்விடும். நீங்கள் கேட்டதற்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது, ஐயா.

அந்தத் தங்கக் காசை நானும் என் தங்கை கணவரும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். அவர் ரேடியோ, மின்விசிறி பழுதுபார்ப்பவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டார். தொழில் படுத்துவிட்டதால் காசை விற்றுவிடலாம் என்று அன்று வீட்டுக்கு வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க மாப்ள. பழசாக ஆகத்தான் மதிப்பு."

"நானும்தான் பழசாகிட்டு வர்றேன் மச்சான். எவனாவது விலை கேக்குறானா?"

சிரிக்க வைக்கத் தெரிந்த மனிதர். பிறகு, "இது அசல்தானா, இல்ல உங்க தலையில எவனாவது மிளகாய் அரைச்சிட்டானா?" என்றபடி காசை எடுத்துக் கடைவாயில் வைத்தார். பல் பதிந்தால் தங்கமாம்.

"கடிக்காதீங்க" என்றேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் காசு தொண்டைக்குள் போய்விட்டது.

முதுகில் தட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்; சான்றிதழ்கூட இருக்கிறது. ஆனால் எங்கள் கூடத்தில் கல் தரை. அவர் குனிந்து இருமத் தொடங்கினார். காசு வெளியே வந்தால் நேராகத் தரையில்தான் விழும். ஆகவே அவர் வாயை உள்ளங்கையால் மூடினேன்.

மறுகையால் சோபா மெத்தையை இழுத்தேன். அதன் உறை எதிலோ மாட்டிக்கொண்டது. அவர் என் கையைப் பிடித்துப் பிடித்து இழுத்தார். பொறுமை அவருக்கு எப்போதுமே கிடையாது. முதலீட்டுக்கு முதல் தேவை அதுதான். மெத்தையைச் சரியாகப் போட்டுவிட்டுக் கையை எடுத்தபோது அவர் இருமவில்லை.

பிரேதப் பரிசோதனையில் மருத்துவர் இடுக்கியால் எடுத்ததில் காசில் கீறல் விழுந்திருக்கிறது. அதை நான் பெரிதுபடுத்தப் போவதில்லை. ஆனால் அதில் பாதி இப்போது என் தங்கையுடையது. கணவனும் இல்லாமல் அவள் எப்படிப் பிழைப்பாள் என்று உங்களில் ஒருவராவது யோசித்தீர்களா? நான் யோசித்தேன். அவளுக்கு நஷ்டம் வரக் கூடாது என்றுதான் கடைசிவரை கையை எடுக்காமல் இருந்தேன்.