ஊசிக்கு ஒரு எபிசோட்

— முடியாது சுகு. ஊசிக்கு ஒரு எபிசோட். அதுதான் நம்ம பேச்சு. ரெண்டு கேட்டாலே தர மாட்டேன், நீ மூணு கேக்குற.

— ஆன்டி, இன்னிக்கு ஒரு நாள் லா. பதினொன்னு, பன்னெண்டு, பதிமூணு. அஞ்சாவது சீசனோட கதையே முடிஞ்சிரும். நாலு மணி நேரம் ரத்தம் சுத்தம் பண்ற இந்த மெஷின்ல நம்மள கட்டிப் போட்டிருக்காங்க, வேற என்ன வேலை நமக்கு?

— எல்லாத்தையும் இன்னிக்கே முடிச்சிட்டா புதன்கிழமை நான் என்ன பண்ணுவேன்? பக்கத்து நாற்காலி தம்புசாமி கொறட்டையக் கேட்டுக்கிட்டு கெடப்பேனா? அந்தச் சட்டத்தப் போட்டதே நீதான். அஞ்சு மாசத்துக்கு முன்னால மொத மொதல்ல இங்க வந்து, ஊசியப் பாத்ததும் அழுதியே, அன்னிக்கு.

— அழல. கண்ணு வேர்த்துச்சு.

— பண்டமாரான்ல லோரி ஓட்டுன பெரிய ஆளு, சின்னப் புள்ள மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. அப்ப நான்தான் கேட்டேன், அந்த டேப்லெட்ல என்ன தம்பி இருக்குன்னு. "வேகா டிரிஃப்ட், ஆகாயத்துல போற கப்பல் கதை, இத தனியா பாத்தா ருசி இல்ல ஆன்டி, ஒன்னாதான் பாக்கணும், ஒரு நாளைக்கு ஒன்னுதான்" அப்படின்னு சொன்னது யாரு?

— நான்தான், நான்தான். அடிச்சு சொல்றேன், அன்னிக்கு இருந்த சுகுமாறன் ஒரு மடையன்.

— இன்னிக்கு இருக்கறவன் மட்டும் என்னவாம்? வந்து உக்காந்ததுல இருந்து கால்ல வெந்நி ஊத்துன மாதிரி பறக்குற. என்னடா விஷயம்?

— ஒன்னுமில்ல. கால் அரிக்குது.

— நர்ஸ் மிஸ்ஸி! லோகேஸ்வரி மிஸ்ஸி! இவன் காலப் பாரும்மா. அரிக்குதாம். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில கண்டதையும் வாங்கித் தின்னுட்டு வந்திருக்கான்.

— ஆன்டி, மெதுவா. நாலு பேரு தூங்கறாங்க. சுகுமாறன், எடை எவ்வளவு ஏறியிருக்கு?

— ரெண்டு எட்டு, மிஸ்ஸி.

— ரெண்டு கிலோ எண்ணூறா! வெள்ளிக்கிழமைக்கும் திங்கக்கிழமைக்கும் நடுவுல இவ்வளவு தண்ணியா? இந்த நேரத்துலயாவது கவனமா இருக்கக் கூடாதா நீங்க?

— எந்த நேரத்துல மிஸ்ஸி?

— ஆன்டி, படம் போடறேன். காதுல மாட்டுங்க. இந்தாங்க, உங்க பக்கத்து ஒயர். மிஸ்ஸி, அப்புறம் பேசலாம், பொலே, சரிதானே?

— அவ ஏதோ சொல்ல வந்தா.

— தண்ணி கொறைக்கச் சொன்னாங்க. வேற என்ன சொல்வாங்க? டேப்லெட் தெரியுதா? கொஞ்சம் உங்க பக்கம் திருப்பவா?

— இருக்கற மாதிரியே இருக்கட்டும். கண்ணாடி வீட்ல. கீழ ஓடுற எழுத்த நீயே படிச்சுச் சொல்லு.

— உங்க கண்ணாடி எப்பத்தான் ஆன்டி இங்க வரும்?

— என் மருமக செரீனா ஞாபகப்படுத்துனா வரும். காலையில அஞ்சரைக்கு வேன்காரன் ஆரன் அடிக்கறான், நான் பல்லு மாட்டுவேனா, கண்ணாடி தேடுவேனா? போடு. போன வாரம் எங்க விட்டோம்?

— கப்பல்ல காத்து தீருது. நாப்பது பேரு இருக்காங்க. பூமிக்குப் போற சின்ன வண்டியில ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். குலுக்கல் போட்டாங்க. மெக்கானிக் குட்டையன் பேரு வந்துச்சு. வந்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

— மொட்டையம்மாகிட்ட சொன்னானா?

— கேப்டன்கிட்டயா? இன்னும் இல்ல.

— சொல்லலையா! மொத சீசன்ல அவன் மயங்கிக் கெடந்தப்ப தன்னோட காத்து டப்பாவக் கழட்டிக் குடுத்தவ அவ. ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. சரி, என்ன பண்றான் இப்ப? சும்மா இருக்காத, சொல்லு.

— சாமான் கட்டறான். ஸ்பானர எடுக்கறான், வெக்கறான், மறுபடியும் எடுக்கறான்.

— திருட்டுப் பய.

— இதுல என்ன ஆன்டி திருட்டு? அவனா கேட்டான்? குலுக்கல்ல வந்துச்சு.

— வந்துச்சு, போகட்டும். யாரு வேணாம்னு சொன்னா? உயிரோட போய்ச் சேரட்டும். ஆனா சொல்லிட்டுப் போகணும்லா.

— எப்படி சொல்லுவான்? "எனக்கு இடம் கெடச்சிருச்சு, உனக்கு இல்ல." இத ஒருத்தர் மூஞ்சியப் பாத்து எப்படி சொல்றது? என்னால முடியாது.

— உன்னை யாரு கேட்டா? அவன் வாயத் தொறந்து சொல்லட்டும். நாக்கு இருக்குல்ல?

— ஈசியா சொல்லிட்டீங்க. வேகமா ஓட விடவா? ஒன்னரை மடங்குல போட்டா சீக்கிரம் முடியும்.

— போட்டன்னா நான் ஒயரக் கழட்டிருவேன். ஏன் இந்த அவசரம்? அய்யோ, யாரு வந்தா? மொட்டையம்மாவா? அழறாளா?

— அழல, சிரிக்கிறா. நல்லா பாருங்க.

— அழுதா என்ன, சிரிச்சா என்ன, அவ தொண்டைக்கு ரெண்டும் ஒன்னுதான். அப்புறம்?

— அவன் ரூமுக்கே வந்துட்டா. அவன் பையக் காலால கட்டிலுக்கு அடியில தள்ளறான். "உனக்கு ஏன் இப்படி வேர்க்குது"ன்னு கேக்கறா.

— சொல்லுடா! இதான் நேரம், சொல்லித் தொலைடா குட்டையா! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க! சேசுவே, இவனப் பெத்தாங்களா, செஞ்சாங்களா!

— ஆன்டி கை! ஊசிக் கை!

— கை, கை, கை! ஆன்டி! மெஷின் கத்துறது கேக்கலையா? ஊசி நகந்துச்சுன்னா கை பூசணிக்கா மாதிரி வீங்கிரும். போன மாசம் பட்டது பத்தாதா? பிரஷர் நூத்தித் தொண்ணூறு. அந்த நாடகத்த நிறுத்துங்க சுகுமாறன்.

— நிறுத்தாத. நிறுத்துனா இருநூறு ஆயிரும் மிஸ்ஸி, நான் பொறுப்பு இல்ல.

— அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. மூச்சு விடுங்க ஆன்டி. சுகுமாறன், மறக்கறதுக்குள்ள சொல்லிர்றேன், உங்க பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைல்ல போட்டு கவுன்டர்ல வச்சிருக்கேன். புதன்கிழமை காலையில எட்டு மணிக்கு கே.எல் பெரியாஸ்பத்திரில அட்மிஷன். அக்காவையும் கூடவே கூட்டிட்டுப் போயிருங்க.

— கே.எல்ல அட்மிஷனா? யாருக்கு?

— ஆன்டிகிட்ட நீங்க இன்னும் சொல்லலையா சுகுமாறன்? போன வாரமே சொல்லிட்டேன்னு சொன்னீங்களே!

— மிஸ்ஸி, ப்ளீஸ். நீங்க போங்க. நான் சொல்லிக்கறேன்.

— அலாமா. சாரி ஆன்டி. நான் தம்புசாமி அங்கிளப் பாத்துட்டு வரேன்.

— சொல்லு.

— படம் முடியட்டும் ஆன்டி.

— படம் கெடக்கு குப்பையில. சொல்லு.

— எங்க அக்கா கிட்னி தரா. மேரு ஃபேக்டரில வேலை செய்யறாளே, அவ. எல்லா டெஸ்டும் ஒத்துப் போயிருச்சு. வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன். இங்க எனக்கு இன்னிக்குத்தான் கடைசி.

— எப்பத் தெரியும் உனக்கு?

— மூணு வாரமா.

— மூணு வாரம். ஒம்பது எபிசோட். ஒம்பது நாளு இந்த நாற்காலியில, ஒரு முழம் தள்ளி உக்காந்துக்கிட்டு, வாயத் தொறக்கல நீ.

— ஒவ்வொரு நாளும் சொல்லணும்னுதான் வருவேன். வீட்ல கண்ணாடி முன்னால நின்னு பேசிக்கூடப் பாத்தேன். இங்க வந்து உக்காந்ததும் நீங்க "வாடா, இன்னிக்கு கப்பல்ல அந்த நீலக்காரிதான் துரோகின்னு தெரியப் போகுது பாரு"ன்னு ஆரம்பிச்சிருவீங்க. அப்புறம் எங்க சொல்றது?

— என் மேல போடாத.

— கெல்வின் டெஸ்டுக்குப் போயிட்டு வந்தது ஞாபகம் இருக்கா ஆன்டி? உங்க மகன் கிட்னி தரேன்னு போனான், அவனுக்கே இனிப்பு நீர், சக்கர வியாதி இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னிக்கு நீங்க போர்வைய தலைக்கு மேல இழுத்துப் போட்டுக்கிட்டுக் கெடந்தீங்க. நாலு மணி நேரம். நான் படம் போட்டேன். எத்தன பேரு செத்தாங்க அந்த எபிசோட்ல! நீங்க ஒரு வார்த்த கத்தல. அதப் பாத்தவன் நான். அப்புறம் நானே வந்து எனக்குக் கெடச்சிருச்சுன்னு எப்படி சொல்லுவேன்?

— பொறாமப்படுவேன்னு நெனச்சிட்ட.

— அய்யோ இல்ல ஆன்டி!

— படுவேன் லா. ஏன் படக் கூடாது? எட்டு வருஷமா இங்க வரேன். இப்பவே வயிறு எரியுது. நல்லா எரியட்டும், எரிஞ்சு அடங்கும். அதுக்குக் கொஞ்சம் நாளு வேணும். மூணு வாரம் இருந்துச்சு, அத நீ எனக்குத் தரல. இப்ப ஒரே நாள்ல எரிஞ்சு, அடங்கி, சிரிச்சு, உன்னை வாழ்த்தி அனுப்பணும். எப்படிடா முடியும்?

— மன்னிச்சிருங்க.

— உங்க அக்கா பயப்படறாளா?

— அவளா? கம்பெனில மூணு மாசம் லீவு குடுத்துட்டாங்கன்னு ஜாலியா இருக்கா. எனக்குத்தான் பயம். ராத்திரி தூக்கமே இல்ல. அவளுக்கு ரெண்டு புள்ளைங்க. எனக்காக அவளுக்கு ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா?

— ஆகாது. வியாழக்கிழமை கோயிலுக்குப் போறப்ப மாதாவுக்கு ரெண்டு மெழுகுவர்த்தி வெக்கச் சொல்றேன் செரீனாகிட்ட. உங்க அக்கா முருகன் கும்பிடறவன்னு மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. இந்தா, அழாத. இல்ல, மறந்துட்டேன், உனக்குக் கண்ணு வேர்க்கும்.

— அதான் ஆன்டி இன்னிக்கு மூணையும் பாக்கலாம்னு கேட்டேன். முடிவு தெரியாம எப்படி ஆப்பரேஷனுக்குப் படுக்கறது? வீட்ல தனியா போட்டுப் பாத்தேன், பன்னெண்ட. அஞ்சு நிமிஷத்துக்கு மேல முடியல. யாரும் கத்தல. நிறுத்திட்டேன்.

— ஓ, சட்டத்த மீறுனியா நீ?

— அஞ்சு நிமிஷம்தான்.

— இன்னும் என்னென்ன மறைச்ச? சரி, ஓட விடு. இதையாவது முடிப்போம். குட்டையன் என்ன சொன்னான் அவகிட்ட?

— ஒன்னும் சொல்லல. கட்டிலுக்கு அடியில இருந்து பைய எடுத்து அவ கையில குடுத்துட்டான்.

— அவ?

— தொறந்து பாத்தா. மூடிட்டா. இப்ப பையோட வாரக் கட்டறா. இழுத்து இறுக்கிக் கட்டறா, அவிழாத மாதிரி. திரும்பி அவன் தோள்ல மாட்டி விடறா.

— பேசலையா?

— பேசல. முடிஞ்சிருச்சு ஆன்டி. பேரு ஓடுது. ஏன் கத்த மாட்டேங்கிறீங்க? ஏதாவது சொல்லுங்க.

— நல்லவ அவ. நானா இருந்தா ரெண்டு அற விட்டுட்டுத்தான் மாட்டியிருப்பேன்.

— பன்னெண்ட போடவா? இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. தாராளமா முடிச்சிரலாம்.

— வேணாம்.

— ஆன்டி!

— வேணாம்னா வேணாம். மீதி ரெண்ட வச்சிட்டுப் போ. முடிவு என்னன்னு தெரியாமப் போனாத்தான் சீக்கிரம் எந்திரிச்சு வருவ.

— உடனே வர முடியாது ஆன்டி. ஆறு மாசம் கூட்டத்துல சேரக் கூடாதாம், நோய் தொத்திக்குமாம். இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் வரவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் நீங்க எப்படித் தாங்குவீங்க? நீலக்காரி யாருன்னு தெரியாம உங்களுக்கு சோறு எறங்காதே.

— எறங்கும். போ.

— ஒன்னு செய்வோம். இந்த டேப்லெட்ட உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன். ரெண்டும் டவுன்லோட் பண்ணியாச்சு, இந்த பட்டன அமுக்குனா போதும். புதன்கிழமை ஒன்னு, வெள்ளிக்கிழமை ஒன்னு. சட்டத்தையும் மீறல.

— எனக்கு வேணாம் சுகு. எடுத்துட்டுப் போ.

— இன்னும் கோவம் போகலையா?

— கோவம் இல்ல.

— அப்ப எழுத்து சின்னதா இருக்குன்னு பாக்கறீங்களா? பெருசாக்கித் தரேன். மிஸ்ஸி, நீங்க சொல்லுங்க, வெள்ளிக்கிழமை நான் அங்க படுத்துக் கெடக்கறப்ப ஆன்டி இங்க உக்காந்து கத்துறாங்கன்னு நெனச்சா எனக்குத் தெம்பா இருக்கும்.

— ஆன்டி, சொல்லிருங்க. என்னால இதுக்கு மேல முடியாது. யார்கிட்டயும் சொல்லாதன்னு நீங்க சொன்னதால இத்தன நாளு நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்.

— என்ன மிஸ்ஸி? எத சொல்லணும்?

— நீ போ லோகேஸ்வரி, நான் பேசிக்கறேன். இவன மூணு வாரத்துக்கே இந்தத் திட்டு திட்டுனேன், என்னை யாரு திட்டறது?

— ஆன்டி, பயமா இருக்கு. என்னன்னு சொல்லுங்க. டேப்லெட்ட வாங்கிக்கங்க, பாத்துட்டு ராத்திரி எனக்கு போன்ல சொல்லுங்க, அது போதும் எனக்கு.

— நீதான் பாத்துட்டு எனக்கு போன்ல சொல்லணும், சுகு. மூணாவது சீசன் ஆரம்பிக்கறப்பவே என் ரெண்டு கண்ணும் போயிருச்சு.