மயிலாப்பூரில் என் கணவர் ஊமை

"விழுந்து படுங்கோ! வருது! விழுந்து படுங்கோ!"

என் கணவர் தருமலிங்கம் கத்துகிறார். ஒழுங்கை முழுக்க, கடைசி வீடு வரை கேட்கிறது. 1990, ஆனி மாதம், யாழ்ப்பாணம். காலை வெயில். கோட்டைப் பக்கம் 'டொம்' என்று ஒரு சத்தம். அது பீரங்கிச் செல் புறப்படுகிற சத்தம். பிறகு சீழ்க்கை. பிறகு விழும். புறப்படுவதற்கும் விழுவதற்கும் நடுவில் உள்ள நேரம்தான் எங்களுடையது. அதற்குள் அவர் கத்திவிடுவார். அவருக்குப் பாம்புக் காது. அவர் கத்தினால் ஒழுங்கையே படுக்கும்.

என் தம்பி ரவி கிணற்றடியில் குளிக்கிறான். தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. புகை அடங்கி ஓடிப்போய்ப் பார்த்தோம். வாளி மட்டும் முழுதாகக் கிடந்தது. அவனைச் சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லை. வளவுக்குள்ளேயே எரித்தோம்.

ஆவணியில் படகு ஏறினோம். மகள் பாமா கைக்குழந்தை. ராமேஸ்வரம். பிறகு ரயில். பிறகு சென்னை, அசோக் நகர். அகதி என்று எங்கும் பதியவில்லை. பதிந்தால் முகாம் என்றார்கள்.

முதலில் சிரிப்பாக இருந்தது. நாங்கள் பேசுவதும் தமிழ். கடைக்காரர் பேசுவதும் தமிழ். ஆனால் அவர் "கேரளாவா?" என்று கேட்பார். ஆமாம் என்போம். பொய்தான். யாருக்கும் அதனால் நட்டமில்லை.

1991 மே மாதம் குண்டு வெடித்தது. பெரிய தலைவர் போனார். செய்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்று செய்தி வந்தது. மறுநாளிலிருந்து யாரும் கேரளாவா என்று கேட்கவில்லை. "சிலோனா?" என்றார்கள். அசோக் நகர் வீட்டுக்காரர் சாமானைத் தெருவில் வைத்தார். வீடு தேடிப் போன இடமெல்லாம் நான் வாய் திறந்த உடனே கதவைச் சாத்தினார்கள். வெளிநாட்டில் பாஷை தெரியாமல் முழிப்பார்கள். நாங்கள் தெரிந்த பாஷையில் முழித்தோம்.

நான் கற்றுக்கொண்டேன். பஸ்ஸில், மார்க்கெட்டில், குழாயடியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். என் நாக்கு வளைந்து கொடுத்தது. அவர் நாக்கு வளையவே இல்லை. அவர் 'இன்னா' என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். ஒருநாள் அவரே முடிவு சொன்னார்.

"எனக்கு உந்தப் பேச்சு வராது. என்னை ஊமை எண்டு சொல்லிவிடு."

அப்படித்தான் மயிலாப்பூரில் இடம் கிடைத்தது. குளத்துக்குப் பக்கத்துச் சந்து. ஒரே வளவுக்குள் ஐந்தாறு குடித்தனம். நாங்கள் பின்கட்டு. வீட்டுக்கார மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பொறந்ததுலேர்ந்தே பேச மாட்டாரா?" ஆமாம் மாமி என்றேன். "பாவம்" என்றாள். வாடகையில் கொஞ்சம் குறைத்தாள்.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் அவருக்கு வேலை. அங்கே மெஷின் சத்தத்தில் எல்லாருமே ஊமைதான். வீட்டில்தான் கொடுமை. நடுவில் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் உள்ளேயும் பேச்சில்லை. பாமாவிடமும் பேச்சில்லை. குழந்தை வெளியே போய் உளறிவிட்டால்? ஒழுங்கையையே எழுப்பிய மனிதர் தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கைதட்டிக் கூப்பிட்டார். அவளும் கைதட்டிப் பதில் சொல்லப் பழகினாள்.

1993 கோடை. குழாயில் காற்றுதான் வருகிறது. தண்ணி லாரி சந்துக்குள் ரிவர்ஸில் வருகிறது. 'ஙொய்' என்று எஞ்சின். குடங்கள் முட்டுகிற சத்தம். பெண்கள் கூச்சல். முன் போர்ஷன் செல்வி, பூ கட்டி விற்பவள், குடத்தோடு முண்டியடிக்கிறாள். அவள் பையன் சீனு, மூன்று வயது, லாரிக்குப் பின்னால் குந்திச் சகதியில் விளையாடுகிறான். யாரும் பார்க்கவில்லை. அவர் பார்த்தார்.

"உதில பிள்ளை நிக்குது! நிப்பாட்டு! நிப்பாட்டு!"

பிரேக் கிரீச்சிட்டது. லாரி நின்றது. சந்தும் நின்றது. சீனுவைத் தூக்கிக்கொண்டு அவர் நிற்கிறார். பாமா வாயைப் பிளந்து அப்பாவைப் பார்க்கிறாள். தொலைந்தோம் என்று நான் நினைத்தேன்.

யாரும் எங்களைப் பிடிக்கவில்லை. செல்வி அவர் காலில் விழுந்தாள்.

"எக்கா, உன் வூட்டுக்காரு பேசிட்டாருக்கா! என் புள்ளைக்கோசரம் பேசிட்டாருக்கா!"

மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கற்பகாம்பாள் வாயைத் தொறந்து விட்டுட்டாடி" என்று அழுதாள். பேச்சு ஒரு மாதிரி இருந்ததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து பேசாத நாக்கு, கொஞ்சம் கோணலாகத்தான் வரும் என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். சாயங்காலம் சூடம் ஏற்றினார்கள். மாலை போட்டார்கள். பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். அவர் மாலையோடு உட்கார்ந்திருந்தார். மறுபடி வாய் திறக்கவில்லை. இவ்வளவு அன்பை அந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை. அந்த அன்புதான் எங்களை முடித்தது.

மறுநாள் காலை எங்கள் பகுதி போலீஸ் ஏட்டு வந்தார். உடுப்போடுதான் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு அவர் மகள். எட்டு ஒன்பது வயதிருக்கும். இரட்டைப் பின்னல். வாய் பேசாத பிள்ளை. ஏட்டு தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார். என் கணவரின் காலைத் தொட்டார்.

"எந்தக் கோயிலு சார்? இன்னா வேண்டுதலு? சொல்லு சார், நானும் பண்றேன். பத்து வைத்தியம் பாத்துட்டேன். ஒண்ணும் ஆவல."

அவர் என்னைப் பார்க்கிறார். வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். வாய் திறக்கவே தேவையில்லை. கோபுரத்தைக் கைகாட்டினால் போதும். ஏட்டு கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். அந்தச் சின்னப் பெண் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரால் முடியவில்லை.

"ஐயா, நான் ஊமை இல்லை. யாழ்ப்பாணம். பிள்ளையைச் சும்மா கோயில் கோயிலா அலைக்காதையுங்கோ. நல்ல டொக்டரிட்டக் காட்டுங்கோ."

ஏட்டு எழுந்தார். தொப்பியைத் தட்டி மாட்டினார். மகளை இழுத்துக்கொண்டு போனார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மத்தியானம் ஜீப் வந்தது.

ஏட்டை நான் குறை சொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை. செல்வி ஜீப்புக்குப் பின்னால் தெருமுனை வரை ஓடினாள். மாமி மூன்றாம் நாள் வந்து நின்றாள். "ஆத்துல சின்னதுகள் இருக்கு. போலீஸ் வந்துண்டே இருந்தா நன்னாயிருக்காது. தப்பா நெனச்சுக்காதே" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். என்னையும் ஸ்டேஷனில் பதிந்தார்கள், முகாமுக்கு அனுப்பவில்லை. கையெழுத்துப் போடப் போய் வந்தேன்.

அவரைச் சிறப்பு முகாமில் வைத்தார்கள். இரண்டு முறை பார்க்க விட்டார்கள். பாமாவை உள்ளே விடவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் முழுக்க எங்கள் ஆட்கள். அவர் உரத்த குரலில் கதைத்தார். ஊரில் இருந்ததுபோல. நான் பதில் சொன்னேன்.

"நீ மெட்ராஸ்காரி மாதிரிக் கதைக்கிறாய்" என்றார். கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை.

1994இல் அவரை மட்டும் கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. 1995, ஐப்பசி. ராணுவம் நெருங்கியது, ஊரே ஒரே நாளில் எழுந்து நடந்தது. மழை. செம்மணி வீதியில் அவரைக் கூட்டத்தில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை.

இப்போது 1999. திருவான்மியூரில் இருக்கிறோம். பாமா பத்து வயதுப் பிள்ளை. போன வாரம் கேட்டாள். "அப்பா எப்டிம்மா பேசுவாரு? பேசிக் காட்டு." கதவைச் சாத்திவிட்டுப் பேசிக் காட்டினேன். எனக்கே அந்நியமாக இருந்தது. அவள் சிரித்துவிட்டாள். "சினிமால சிலோன்காரங்க பேசற மாதிரி இருக்கும்மா." பிள்ளை மேல் தவறில்லை. நானும் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இழந்ததை எழுதி வைக்கிறேன். மறக்கக் கூடாது. தம்பி ரவி, இருபத்திரண்டு வயது. கிணற்றோடு ஒரு வீடு. கணவர் தருமலிங்கம். உடல் கிடைக்கவில்லை, அதனால் பொட்டை அழிக்கவில்லை. என் மகளுக்குத் தகப்பனின் குரல். எனக்கு என் பேச்சு. அவள் பள்ளிக்கூடம் போன பிறகு தனியாக ஊர்ப் பேச்சில் இன்னொரு முறை பேசிப் பார்த்தேன். வரவில்லை.