உடைக்கிறவன் மேலே பார்க்கக் கூடாது

கல்லாகிப்போன சிப்பியைக் கழுவத் தண்ணீர் மட்டும் போதாது, யுகேந்திரன் தம்பி. தேய்ந்த பழைய பல் பிரஷ் வேண்டும். புது பிரஷ் வரிகளை அழித்துவிடும். என் சட்டைப்பையில் எப்போதும் ஒன்று இருக்கும். இன்ஸ்பெக்டரிடம் இதையெல்லாம் ஏன் சொல்கிறான் கிழவன் என்று நினைப்பீர்கள். தேவைப்படும், கேளுங்கள்.

நான் அருளம்பலம், நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். என் கூட்டாளி கஸ்பார் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், பேச்சை விற்றே வீடு கட்டியவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் என் வாசலில் ஹாரன் அடிப்பான். சிப்பிக்கல் தேடிப் போவோம். நம்ம பேராக் மாநிலம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது. ரப்பர்த் தோட்டத்தை அழித்து, ரோடு போட மேட்டை வெட்டினால், அந்தக் கடல் வெட்டிய இடத்தில் தெரியும்.

எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒருவன் கீழே குனிந்து சுத்தியலால் உடைப்பான். மற்றவன் தள்ளி நின்று, வாயில் விசிலோடு மேட்டையே பார்த்திருப்பான். மேலிருந்து பொடிக்கல் உருண்டால் விசில் அடிக்க வேண்டும். உடைக்கிறவன் போட்டது போட்டபடி ஓட வேண்டும். உடைக்கிறவன் மேலே பார்க்கக் கூடாது, பார்த்தால் கை தவறிச் சிப்பி நொறுங்கும். என் முழங்கால் கெட்ட பிறகு உடைப்பது அவன், பார்ப்பது நான் என்றாகிவிட்டது.

லகாட் பக்கம் ஒரு சுருள் சிப்பி கிடைத்தது. கண்டது என் கண், உடைத்தது அவன் கை. ஈப்போ கண்காட்சியில் அதை வைத்தபோது, பக்கத்துச் சீட்டில் 'கண்டெடுத்தவர்: கஸ்பார்' என்று இருந்தது.

"என்னப்பா இது?" என்றேன்.

"எடுத்தது நான்தானே அண்ணே. நீங்க சும்மா நின்னீங்க லா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பாடு ஒருவனுக்கு, பேர் ஒருவனுக்கு. வயிறு எரிந்தது, சொல்ல வெட்கமில்லை.

பிறகு ஒரு நாள், நல்ல மழைக்கு மறுநாள், தாப்பா பக்கம் பழைய தோட்டத்து ரோட்டுக்குப் போனோம். மேடு ஊறிப்போயிருந்தது. செம்மண்ணுக்குக் கீழே சாம்பல் கல்லில், உள்ளங்கை அகலத்தில் ஒரு சுருள். லகாட் சிப்பியெல்லாம் அதன் கால் தூசு பெறாது. கைத்தடியால் தொட்டுக் காட்டியது நான். கஸ்பார் மண்டியிட்டான், நான் தள்ளி வந்து நின்றேன்.

"இதுக்காவது என் பேர் போடுவியா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

"ரெண்டும் ஒரே பேர்ல இருந்தாதான் அண்ணே எடுப்பா இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சுத்தியலை ஓங்கினான்.

மேலே ஒரு பொடிக்கல் உருண்டது. பிறகு ஒரு கைப்பிடி மண். விசில் என் வாயில்தான் இருந்தது. நான் மூக்கால் மூச்சு விட்டேன்.

அவனை நான் தொடவில்லை. மண் தானாக வந்தது. உடைந்து வந்த சிப்பி உருண்டு என் காலடியில் நின்றது. கஸ்பார் நெஞ்சுவரை புதைந்து, "அண்ணே, அண்ணே" என்றான். சட்டைப்பையில் கைபேசியும் இருந்தது, பிரஷும் இருந்தது. பிரஷை எடுத்தேன். ஈர மண் காய்ந்தால் வரிகளுக்குள் இறுகிவிடும் பாருங்கள். ரோட்டோரத் தண்ணீரில் நிதானமாகக் கழுவினேன். கழுவி முடித்தபோது அவன் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான். அப்புறம் போன் செய்தேன். ஆட்கள் சீக்கிரமே வந்தார்கள், குறை சொல்லக் கூடாது.

அடக்கத்தன்று அவன் மனைவி பெட்ரீசியா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவரு கடைசியா எடுத்தது லா அண்ணே. குடுங்க, அவரு பேர்லயே வைக்கலாம்." அத்தனை பேர் நடுவில் என்ன சொல்வது? கொடுத்தேன். இப்போது இரண்டும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் அவன் பேரில் இருக்கின்றன. பாவி சொன்னது சரிதான், எடுப்பாகத்தான் இருக்கிறது.

நீங்கள் விபத்து என்று வழக்கை முடித்துவிட்டீர்கள். மனசு உறுத்தி நானாக வந்திருக்கிறேன் என்று நினைத்து, கோப்பியெல்லாம் வாங்கித் தந்தீர்கள். நல்ல பிள்ளை. கொலை என்றே எழுதுங்கள் தம்பி, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு மேலே, முதல் வரியாக, இதை எழுதுங்கள்: அந்தச் சிப்பியைக் கண்டது அருளம்பலம்.